மாஸ்டருக்கு வைத்த தனி டம்ளர்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கோலார் தங்கச் சுரங்கம் மூடியபின் ஊரே பெங்களூர் ரயிலைப் பிடிக்க ஓடியபோது, ஓடாமல் நின்று, ஸ்கெலட்டன் என்கிற எங்கள் பகுதியிலேயே ஹோட்டல் போட்டேன். ஒரு ஸ்டவ், இரண்டு பெஞ்சில் தொடங்கி மாடி கட்டினேன். வேலை செய்யும் ஆறு பேருக்கும் மேலே தங்க அறை, சோப்பு, எண்ணெய், முகம் மழிக்க ரேசர் வரை கொடுத்தேன். என் அப்பாவுக்குத் தனி டம்ளரில் டீ ஊற்றிய கடைகள் இந்தப் பக்கம் இருந்தன. என் கடையில் யாராக இருந்தாலும் ஒரே டம்ளர்தான்.

அப்படிப்பட்ட நான்தான் பரோட்டா மாஸ்டருக்குத் தனி டம்ளர் வைத்தேன். ரத்த தான முகாமில் ரத்தம் கொடுத்த அவரை ஆஸ்பத்திரியில் கூப்பிட்டு, ஹெபடைட்டிஸ் பி கிருமி இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். மஞ்சள் காமாலை எச்சிலில் ஒட்டும் என்பதுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம். மாவைத் தொட வேண்டாம் என்றும் சொன்னேன். மாஸ்டர் அந்த டம்ளரைச் சற்று நேரம் பார்த்தார்.

"உங்க கடையிலயுமா, மொதலாளி?"

பையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த நர்ஸம்மா கையைக் கழுவாமலே எழுந்து வந்தார். சுரங்க ஆஸ்பத்திரியில் காலமெல்லாம் ஊசி போட்டு ஓய்வு பெற்றவர்.

"இன்னாபா பெரிய டாக்டரு! டம்ளர்ல இன்னா ஒட்டிக்கும்? இது ரத்தத்துல கீற கிருமி. கூட உக்காந்து துன்னா வராது, தொட்டாலும் வராது. ஒருத்தருக்குப் போட்ட ஊசி, ரத்தம் பட்ட பிளேடு, புருஷன் பொண்டாட்டி சேர்க்கை, பிரசவத்துல தாய்கிட்டேர்ந்து புள்ளைக்கு, அப்டித்தான் போவும். ஆமா, உன் ஆளுங்க இன்னாத்துல மழிக்கிறாங்க?"

ஆறு பேருக்கும் ஒரே ரேசர். நானே வாங்கி ஆணியில் மாட்டியது. ஒட்டாததைப் பிரித்துவிட்டு, ஒட்டுவதைப் பொதுவில் வைத்திருந்தேன்.

வண்டியை எடுத்துக்கொண்டு தேடிப் போனேன். மாஸ்டர் ரோட்டோரக் கடையில் பூதிகோட்டை பஸ்ஸுக்காக நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கிளாஸைப் பிடுங்கி, எல்லோரும் பார்க்க, மிச்சத்தைக் குடித்தேன்.

"ஐயோ மொதலாளி, அது சக்கரை போட்ட டீ! உங்களுக்கு சுகர் ஏறிடும்."

"ஏறட்டும். நீ வண்டியில ஏறு."

அவர் மனைவியையும் மற்ற ஐந்து பேரையும் கோலாருக்குக் கூட்டிப்போய் ரத்தம் பார்த்தோம். யாருக்கும் ஒட்டவில்லை. அவர்களுக்கு மூன்று தவணை தடுப்பூசி. மாஸ்டருக்கு அவ்வப்போது ஈரல் பரிசோதனை. இன்றைக்கும் அவர்தான் பரோட்டா வீசுகிறார். ஆளுக்கொரு ரேசர் இருக்கிறது.

நர்ஸம்மா போன வருஷம் இறந்துபோனார். படத்திறப்பில் பேசியவர்கள் எல்லாம் அவர் புத்தி சொன்னதைச் சொன்னார்கள். தனி டம்ளர் வைத்தது நான் என்றும் சொன்னார்கள். இரண்டும் உண்மை, மறுக்கவில்லை. ஆனால் ரேசரை உடைத்து எறிந்தது யார்? மூன்று தவணைக்கும் வண்டி ஓட்டியது யார்? நடுரோட்டில் அந்த எச்சில் டீயைக் குடித்தது யார்? என் தப்பைச் சொல்கிற வாயால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.