சின்னது, நடுத்தரம், பெரிசு

எல்.கே.ஜி. படிக்கும் பேத்தி பொத்தான்களைச் சின்னது, நடுத்தரம், பெரிசு என்று பிரித்துக்கொண்டிருந்தாள்.

எழுபதுகளில் பழவேற்காட்டுப் பால்வாடியில் எங்கள் டீச்சர் கிளிஞ்சல்களை வைத்து இதைத்தான் சொல்லிக்கொடுத்தார். ஆனியில் தொடங்கினார். தை மாதத்துக்குள் என் தங்கை கன்னியம்மா கண்ணை மூடிக்கொண்டே பிரித்தாள்.

"உங்க பொண்ணுக்கு விரல்லயே கணக்கு இருக்குதும்மா," என்று டீச்சர் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார்.

மறுநாளே அம்மா அவளை இறால்களை அளவுவாரியாகப் பிரிக்கும் கொட்டகையில் சேர்த்துவிட்டாள். சாயங்காலம் தங்கையின் விரல்கள் ஐஸில் வெளுத்து விறைத்திருந்தன.

டீச்சர் வீட்டுக்கே வந்து கெஞ்சினார்.

"நீங்கதானே டீச்சரம்மா கெட்டிக்காரின்னு சொன்னீங்க? பெரியவங்களவிட சுருக்கா பிரிக்கிறாளாம். கையோட வேலைக்கு வச்சிக்கினாங்க," என்றாள் அம்மா சந்தோஷமாக.

நான் ஐந்தாவது வரை படித்தேன். கன்னியம்மா பால்வாடிக்குத் திரும்பி வரவேயில்லை.

அதன்பிறகு எந்தப் பிள்ளையையும் தாயின் காதுபட டீச்சர் புகழவில்லை.