வாலுக்குப் பின்னால் நின்ற கண்டக்டர்

எண்பதுகளின் தொடக்கத்தில், பட்டம் வாங்கிய கையோடு ஏற்காட்டில் ஓர் அலுவலகத்தில் தற்காலிகப் பணியில் இருந்தேன். மலையை வானிலிருந்து படம் எடுக்கும் ஹெலிகாப்டர் ஒன்று எங்கள் மைதானத்தில் இறங்கவிருந்தது. இடத்தை ஆயத்தம் செய்யும் பொறுப்பு என்னுடையது. எதையும் விளைவை எண்ணியே செய்ய வேண்டும் என்று நம்பியவன் ஆதலால், ஆடு மாடுகளை வெளியேற்றிவிட்டு, சுண்ணாம்புத் தூளால் பெரிய வட்டம் ஒன்றும் போட்டேன்.

மைதானத்தின் ஓரத்தில் மாரமங்கலத்து அம்மா ஒருவர் தார்ப்பாயில் மிளகு காயப்போட்டிருந்தார். ஈரமாக இருக்கிறதென்று ஒண்டிக்கடைப் பகுதி வியாபாரி திருப்பி அனுப்பிய மிளகு. அவருடைய அந்த வருடத்து விளைச்சல் முழுவதும் அதுதான். வட்டத்திலிருந்து எட்டு வைத்து நடந்து, எழுபது தப்படி இருப்பதை அளந்து பார்த்து, அங்கேயே இருக்கட்டும் என்று அனுமதித்தேன். ஓர் ஏழையின் ஒரு நாள் வெயிலைப் பறிக்க எனக்கென்ன உரிமை என்பது என் வாதம்.

விமானிக்குக் கைகாட்டி இறக்க வேண்டிய மெக்கானிக் காலை பஸ்ஸில் வந்தார். கொண்டை ஊசி வளைவுகள் அவரைப் பிழிந்து எடுத்திருந்தன. மைதானத்தை ஒட்டி நின்ற பஸ்ஸின் கடைசி சீட்டிலேயே சுருண்டு கிடந்தவர், வானில் சத்தம் கேட்டதும் கண்ணைத் திறக்காமலே சைகைமுறை எழுதிய தாளை என்னிடம் நீட்டி, "யாராவது கை காட்டுங்க" என்று முனகினார்.

"ஏனுங்க, இதுக்குப் போயி இத்தன யோசனையா?" என்றார் அந்த பஸ்ஸின் கண்டக்டர். "இருவது வருசமா இந்த மலையில ரிவர்ஸ் பாத்து உட்டிருக்கேன். பஸ்ஸுன்னா என்னங்க, பறக்கறதுன்னா என்னங்க?"

அனுபவத்தை மதிக்க வேண்டும் என்பதும் என் கொள்கை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

ஹெலிகாப்டர் தாழ்ந்தது. அதன் காற்றில் முதலில் காணாமல் போனது என் சுண்ணாம்பு வட்டம். விமானி கைகாட்டும் ஆளைத் தேடினார். ஆளோ, மலைப் பாதைக் கண்டக்டர்கள் வழக்கமாக நிற்கும் இடத்தில், அதாவது வண்டியின் வாலுக்குப் பின்னால் நின்று, விசில் ஊதிக்கொண்டிருந்தார். ஹெலிகாப்டர் மூக்கைத் திருப்பித் தேடியது. கண்டக்டர் கடமை தவறாமல் மறுபடியும் வாலுக்குப் பின்னால் ஓடினார். அது திரும்பத் திரும்ப, இவர் ஓட ஓட, இருவருமாக மிளகை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தார்கள்.

அந்த அம்மா தார்ப்பாயை நாலு பக்கமும் மடித்து, அதன்மேல் குப்புற விழுந்தார். "என்னோட வருசமே போகுதுங்க சாமி!"

தாளைப் பிரித்தேன். விமானியின் பார்வையில் படும்படி எதிரே நிற்க வேண்டும் என்பதுதான் முதல் வரி. ஓடிப்போய் மூக்குக்கு எதிரே நின்று இரு கைகளையும் உயர்த்தினேன். அவ்வளவு பெரிய யந்திரம் உடனே எனக்குக் கட்டுப்பட்டு, நேராக என்னிடம் வரத் தொடங்கியது. என் முதுகுக்குப் பின்னால் பத்தடியில் மிளகு! உயர்த்திய கைகளை இறக்காமல் பக்கவாட்டில் நண்டுபோல் நடந்தேன். தழைக்கொத்தின் பின்னே வரும் ஆட்டைப்போல் அது மைதானத்தின் நடுவரை வந்து அமர்ந்தது.

விசிறிகள் நின்றதும் விமானி இறங்கிக் கண்டக்டரிடம் வந்தார். "பின்னாடி என்னதாங்க பண்ணீங்க?"

"விசில் ஊதுனேனுங்க. நீங்கதான் காதுல வாங்கல."

விமானி வாலிலிருந்த சின்ன விசிறியைக் காட்டினார். "இது சுத்தும்போது கண்ணுக்கே தெரியாதுங்க. தலைய எடுத்துருக்கும்."

கண்டக்டர் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "பஸ்ஸுக்குப் பின்னாடி இப்படி ஒண்ணு இல்லீங்களே!"

சிதறியது இரண்டு பிடி மிளகுதான். நானும் கண்டக்டரும் புல்லில் மண்டியிட்டு, ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடுத்தோம். அந்த அம்மா என் கையிலிருந்ததை வாங்கி, மண்ணை ஊதிவிட்டுச் சொன்னார்:

"எட்டு வச்சு நொம்ப நல்லாத்தான் அளந்தீங்க கண்ணு. ஒருக்கா மேலயும் பாத்திருக்கலாம்."