பதினோராவது கேள்வி

"உங்க அப்பாவுக்கோ கூடப்பிறந்தவங்களுக்கோ புராஸ்டேட் புற்றுநோய் வந்திருக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல தாயி. எங்கய்யாதான் இந்தா உக்காந்திருக்காரே. எம்பது வயசு. இன்னும் கெணத்துல எறங்குவாரு" என்றார் மிக்கேல்ராஜ்.

"எனக்கென்ன கேடு? இவன்தான் பஸ்ஸ நிறுத்திப்புட்டு ஒண்ணுக்குப் போக வேலி ஓரமா ஓடுறான். மில்லுப் பிள்ளைக சிரிக்குதுகளாம்" என்றார் பெரியவர் சவரிமுத்து.

"சிரிக்கிறவள எறங்கி நடக்கச் சொல்லுங்கய்யா."

படிவத்தின் பதினோராவது கேள்விக்கு 'இல்லை' என்று எழுதினேன்.

அது 2003. திண்டுக்கல்லில் ஒரு மருத்துவமனையில், ஓர் ஆய்வுக்கு ரத்தம் சேகரிக்கும் வேலையில் இருந்தேன். படிவம் ஆங்கிலத்தில், கேள்வியும் பதிலும் தமிழில். மிக்கேல்ராஜுக்கு ஐம்பத்தாறு வயது. வேடசந்தூர் நூற்பாலைக்கு ஆள் ஏற்றும் பஸ்ஸைப் பதினெட்டு வருடமாக ஓட்டுகிறவர். உட்கார்ந்தால் கால் ஆடும். எழுந்தால் கை சட்டைப்பையில் சுருட்டைத் தேடும். ரத்தப் பரிசோதனையில் புராஸ்டேட் புரதத்தின் அளவு கொஞ்சம் கூடியிருந்தது. குடும்பத்தில் யாருக்கும் இல்லையென்றால் ஆறு மாதம் பொறுக்கலாம், இருந்தால் இப்போதே சதை எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மறுநாள் மிக்கேல்ராஜ் தனியாக வந்தார். நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

"என் ரத்தத்துல என்னதான் பாப்பீக?"

புகையின் நஞ்சைக் கழிக்க உடம்பில் நொதிகள் இருக்கின்றன, அவற்றில் ஒன்றிரண்டுக்கான மரபணு சிலருக்குப் பிறவியிலேயே இருக்காது, அவர்களுக்கு இந்த நோய் கூடுதலாக வருகிறதா என்று பார்க்கிறோம் என்றேன். தனி ஒருவருக்கு வருமா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது என்பதையும் சொன்னேன்.

"அது பெத்தவககிட்டருந்துதான வரும்? வளத்தவககிட்டருந்து வராதுல்ல?"

"வராது சார்."

ஜன்னல் வரைக்கும் போனார். திரும்பி வந்தார். மறுபடியும் போனார்.

"சேவுகம்பட்டியில எங்க பெரியப்பா இருந்தாரு. தொண்ணூத்தாறுல இதே நோயிலதான் செத்தாரு. நான் அவரு பெத்த பிள்ள. தம்பிக்குப் பிள்ள இல்லன்னு மூணாம் மாசம் தூக்கிக் குடுத்துட்டாக. ஞானஸ்நானப் பதிவுலயே எங்கய்யா பேருதான். எனக்குப் பதினாலு வயசுல ஒரு கல்யாண வீட்டுல எவனோ ஒளறிட்டான். எனக்குத் தெரியும்னு எங்கய்யாவுக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. பெரியப்பா சாகக் கெடந்தப்பக்கூட, 'பெரியப்பா, தண்ணி குடிக்கிறீகளா'ன்னுதான் கேட்டேன்."

பழைய பதிலை அடித்துவிட்டு, 'பெற்ற தகப்பன், 1996' என்று எழுதினேன். டாக்டரிடம் தனியாகச் சொல்லிவிடுகிறேன், திங்கட்கிழமையே சதை எடுக்க வேண்டியிருக்கும் என்றேன். தலையாட்டினார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"திங்கக்கிழம சதை எடுக்கறப்ப எங்கய்யாவும் வருவாரு. வராதீகன்னா கேக்க மாட்டாரு. திடீர்னு எதுக்கு இது, இவனுக்கு விசயம் தெரிஞ்சிருச்சோன்னு நினைப்பாரு. அவரு முன்னால அந்தக் கேள்விய இன்னொருக்கா கேளு தாயி. நான் இல்லம்பேன். நீ அப்பிடியே எழுதுற மாதிரி பாவன பண்ணணும்."