பிறந்த வீட்டுக் கோடி

என் அம்மா தன் கூடப்பிறந்த அண்ணன்மேல் பாகப் பிரிவினைக் கேஸ் போட்டிருந்தாள். புத்தலப்பட்டில் தாத்தா விட்டுப்போன மாந்தோப்பில் பெண்ணுக்கும் பங்கு உண்டு, கொடு என்பதுதான் வழக்கு. நியாயமான வழக்குதான், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. ஆனால் சம்மன் போன நாளோடு மாமாவின் பேச்சு நின்றது, சங்கராந்திக்கு வரும் புடவை நின்றது. மாமா தன் மகள் வீட்டோடு இருக்க ராமகுப்பம் பக்கம் போய்விட்டார், ஊர்த் தொடர்பே விட்டுப்போனது. அப்புறம் எதுவானாலும் வக்கீல் மூலமாகத்தான். என் கல்யாணப் பத்திரிகையைக்கூட என் அண்ணன் சித்தூர் வக்கீல் ஆபீசில்தான் கொடுத்துவிட்டு வந்தான். சிரிக்காதீர்கள், கேஸ் நடத்துகிற குடும்பங்கள் அப்படித்தான் ஆகிவிடும். எதிராளியிடம் நேரே பேசினால் கேஸ் கெட்டுவிடும் என்று யாரோ சொன்னதை வேதம் மாதிரி பிடித்துக்கொண்டோம். கல்யாணத்துக்கு மாமா வரவில்லை. வரமாட்டார் என்று தெரியாதா என்றோம்.

அம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டு, திருப்பதியில் டயாலிசிஸுக்குப் போய் வர ஆரம்பித்த பிறகு தோப்பைப் பற்றிய நினைப்பே போய்விட்டது. வேறொரு கவலை வந்து உட்கார்ந்துகொண்டது.

"தோப்பு போனா போவுதுடி. நான் செத்தா எனக்குக் கோடி யாரு போடுவாங்க?"

எங்கள் ஜனத்தில் பெண் செத்தால் கடைசியாக அவள்மேல் போர்த்துவது கூடப்பிறந்தவன் கொண்டுவரும் புதுப்புடவை, அதுதான் கோடி. அது வராமல் பாடை எழுந்தால், பிறந்த வீடு இல்லாதவள் என்று ஊர் பேசும். "இன்னாம்மா பேச்சு இது, வாயைக் கழுவு" என்று திட்டினேன். அவள் கேட்கவில்லை. குறைத்துக் கொடுத்தாலும் சரி, ராஜியாகிவிடலாம் என்று அவளே வக்கீலிடம் சொன்னாள். மாமாவும் சம்மதம் என்று அவருடைய வக்கீல் மூலம் சொல்லியனுப்பினார். லோக் அதாலத் என்கிற சமரசக் கோர்ட்டில் வைத்து முடிக்க நாள் குறித்தார்கள். அன்று ராத்திரி அம்மா இரண்டு இட்லி கூடுதலாய்ச் சாப்பிட்டாள்.

அந்த நாளுக்கு முன்பே அவளுக்கு நோய் முற்றிவிட்டது. "அண்ணனுக்குச் சொல்லுங்கடா" என்றாள். என் அண்ணன் உடனே எங்கள் வக்கீலுக்குப் போன் செய்தான். ஆஸ்பத்திரிக் கதவு திறக்கும்போதெல்லாம் அவள் தலை திரும்பும். நர்ஸ்தான் வருவாள். அப்படிப் பார்த்துக்கொண்டே போய்ச் சேர்ந்தாள் மகராசி. சாவையும் என் அண்ணன் வக்கீலிடம்தான் சொன்னான்.

சாயங்காலம்வரை காத்திருந்தோம். வெட்டியான் வாசலில் நின்று, "பொறந்த வீட்டுக் கோடி வந்துச்சா?" என்று எல்லோர் முன்னாலும் சத்தமாய்க் கேட்டார். கடைசியில் நாங்களே கடையில் ஒரு புடவை வாங்கி, அம்மா வழியில் தூரத்துப் பங்காளி ஒருவர் கையில் கொடுத்துப் போடச் சொன்னோம். மாமா விளங்கவே மாட்டார் என்று மண்ணை வாரித் தூற்றினேன்.

லோக் அதாலத் அன்று, அம்மா இறந்த விஷயத்தைச் சொல்ல நானும் அண்ணனும் சித்தூர் கோர்ட்டுக்குப் போனோம். புங்கமரத்தடியில் மாமா பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னா பாப்பா, உங்கம்மா எங்க? மெதுவா வந்துகினு கீறாளா?"

எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. "நக்கலா மாமா? அவ போய் மாசம் ஒண்ணாவுது. கோடி போட வராத மனுஷனுக்கு அவ எங்கன்னு கேக்க வாய் வருதா?"

"யாரு போனது?" என்றார். திரும்பவும், "யாரும்மா போனது?" என்றார். அண்ணன் பக்கம் பார்த்தார். "அன்னிக்கே வக்கீல்கிட்ட சொல்லிட்டேனே மாமா" என்றான் அண்ணன். சொல்லும்போதே அவன் குரல் இறங்கிவிட்டது.

எங்கள் வக்கீல், மாமாவுடைய வக்கீலின் ஜூனியரிடம் சொல்லியிருக்கிறார். ஜூனியர் குறித்து வைத்திருக்கிறார். கோர்ட் அப்போது லீவு. அவர்களுக்கு அது சாவுச் செய்தி இல்லை. வாதி இறந்துவிட்டார், வாரிசுகளைச் சேர்க்க மனு வரும் என்பதோடு சரி. ஆஸ்பத்திரி விஷயமும் அதே ஆபீசோடு நின்றுபோயிருக்கிறது. மாமா மடியிலிருந்த பை சரிந்தது. உள்ளே ஒரு அரக்குப் புடவை, மஞ்சள், பூ. ராஜியானதும் தங்கை கையில் கொடுக்கக் கொண்டுவந்திருக்கிறார். அவர் தலையில் தலையில் அடித்துக்கொண்டார். நான் அவர் கையைப் பிடித்தேன், அது நிற்கவில்லை.

செத்தவர் பேரில் ராஜி செல்லாது, வாரிசுகளைச் சேர்த்துக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அப்பா முன்பே இல்லை, அதனால் அம்மா இடத்தில் நானும் அண்ணனும் வாதிகளானோம். அடுத்த தடவை ராஜி பதிவானது. மாமா எதையும் குறைக்கவில்லை, சரிபாதி எழுதிக்கொடுத்தார். படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் கேட்டார்.

"பாப்பா, சொல்லியனுப்பியும் நான் வரலன்னு நெனச்சிக்கினேதான் போனாளா?"

"இல்ல மாமா" என்றேன்.

பொய்தான். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்கும் அது தெரிந்துவிட்டது.