ஸ்வீடன்காரர் போடாத வேஷம்

ஸ்வீடனில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த என் அத்தை ஒரு லீவுக்கு ஊருக்கு வந்தபோது, கூடவே ஒரு வெள்ளைக்காரரையும் அழைத்து வந்தாள். எனக்கு அப்போது எட்டு வயது. அவர் நடிகர், பாட்டும் எழுதுவார், படம் எடுக்க இடம் பார்க்க வந்திருக்கிறார் என்று தன் அண்ணனான என் அப்பாவிடம் சொன்னாள். ரிக் வண்டி வைத்து ஊர் ஊராகப் போர்வெல் போட்ட அப்பா, மண்ணைப் பார்த்தே தண்ணீர் சொல்லுவார். இதை மட்டும் தோண்டிப் பார்க்காமல் நம்பினார். ஜேடர்பாளையம் அணைக்கட்டு, எங்கள் தென்னந்தோப்பு, கோழிப்பண்ணை என ஓரிடம் விடாமல் காட்டினார்.

அந்த வாரம்தான் அத்தைக்கு வந்திருந்த திருச்செங்கோட்டு வரனுக்கு அப்பா பதில் சொல்ல வேண்டியிருந்தது. "நாளைக்குச் சொல்றனுங்கண்ணா" என்றே நாளைக் கடத்தினாள் அத்தை. சொல்ல வேண்டியது ஒன்று அவளிடம் இருந்தது, வாய்தான் வரவில்லை.

என் கவலை வேறு. ஒரே ஆள் எப்படித் திருடனாகவும் போலீஸாகவும் பாதிரியாராகவும் ஆக முடியும்? அவர் பின்னாலேயே சுற்றினேன். ஆற்றங்கரையில் கிட்டாரை வைத்துக்கொண்டு, தானே எழுதிய பாட்டொன்றை நெடுநேரம் பாடினார். அர்த்தம் கேட்டேன். "மழை பேயுதாமா சாமி" என்றாள் அத்தை, எங்கோ பார்த்துக்கொண்டு. மழைக்கு இவ்வளவு நீளமா என்று எனக்குச் சந்தேகம்.

அவர் கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம், வாசலில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது அவருக்குப் பரீட்சை வைத்தேன்; அத்தை மொழிபெயர்த்துச் சொன்னாள். கோழி என்றேன், கழுத்தை வெட்டி வெட்டி நடந்தார். பல்வலிக்காரர் என்றேன், அம்மாவே தன் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். அப்பா மாதிரி என்றதும், இடுப்பில் கைவைத்து, ஓடாத ரிக்கை முறைத்துக்கொண்டு நின்றார். அப்பாவுக்கே சிரிப்பு தாங்கவில்லை.

"அத்தெ, இப்ப நம்மூட்டு மாப்பிள்ளையாட்ட நடிக்கச் சொல்லுங்க."

அத்தை காலி காபி டம்ளர்களை அடுக்க ஆரம்பித்தாள்.

"கேளு சாமி, என்ன பண்றாருன்னு பாப்போம்" என்றார் அப்பா, அத்தையைப் பார்த்து.

அவள் மெல்லச் சொன்னாள். எழுந்தவருக்குக் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. முகம் காது வரை சிவந்தது. அத்தையைப் பார்த்தார், அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இது வரலியா!" என்று நான் கைகொட்டிச் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. அப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போனை எடுத்துக்கொண்டு களத்துப் பக்கம் போனார். "திருச்செங்கோடுங்களா? இது ஒத்து வராதுங்க... கோவிச்சுக்காதீங்க" என்பது மட்டும் என் காதில் விழுந்தது.

ஸ்வீடன்காரருக்கு நடிக்கத் தெரியாததை நான் காட்டிக்கொடுத்ததால்தான் அப்பா படமே வேண்டாம் என்கிறார் என்று நினைத்து அழுதேன். அத்தை ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டு, என்னைவிட அதிகமாக அழுதாள். பாவம், அவளுக்கும் படம் நின்றுபோன வருத்தம் போலிருக்கிறது என்று, நான்தான் அவளைத் தேற்றினேன்.