கம்ப்யூட்டருக்கு வைத்த பொட்டு

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு முதன்முதலில் சந்தனப் பொட்டு வைத்தவள் நான்தான். வைத்த இடம்தான் தப்பாகிவிட்டது.

எண்பதுகளின் கடைசியில், அப்பாவின் தங்கையான என் அத்தை, தில்லை நகர் வீட்டு முன்னறையில் கம்ப்யூட்டர் வகுப்பு தொடங்க ஆசைப்பட்டாள். பெரியப்பாவுக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை. விஜயதசமியன்று வகுப்பு நல்லபடியாகத் தொடங்கினால் சரி, இல்லாவிட்டால் அறையைத் தையல்காரருக்கு வாடகைக்கு விட்டுவிடுவேன் என்று சொல்லியிருந்தார். ஸ்ரீரங்கத்திலிருந்து மூன்று பேர் சேர வருவதாக இருந்தது.

முதல் நாள் ஆயுத பூஜை. அத்தை எல்லா வயர்களையும் கழற்றித் துடைத்து மேசையில் பரப்பினாள். சந்தனக் கிண்ணம் என் கையில். பெட்டி, மானிட்டர், கீபோர்டு என்று வைத்துக்கொண்டே வந்தேன். ஒரு வயரின் நுனியில் மூன்று துளைகள், இரண்டு கண்ணும் ஒரு வாயுமாக என்னையே பார்த்தன. அதை மட்டும் விடுவானேன் என்று மூன்றிலும் சந்தனத்தை நன்றாக அப்பினேன். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை யாரும் தொடக்கூடாது. சந்தனத்துக்குக் காய ஒரு ராத்திரி முழுக்கக் கிடைத்தது.

காலையில் மூவரும் வந்து உட்கார்ந்த பிறகுதான் அத்தை அவசர அவசரமாக, பெட்டிக்குப் பின்னால் கையால் தடவியே வயர்களைச் செருகினாள். ஸ்விட்சைப் போட்டாள். பெட்டி மூச்சு விடவில்லை.

"சகுனமே சரியில்லையே" என்றார் பெரியப்பா.

"இருங்கண்ணே, கரண்ட் எதுவரைக்கும் வருதுன்னு பாக்குறேன்."

சுவர் ப்ளக்கில் மேசை விசிறியை மாட்டினாள், சுற்றியது. ஸ்டெபிலைசரில் விளக்கு எரிந்தது. மானிட்டரிலும் எரிந்தது. பிறகு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, மானிட்டர் வயரைப் பெட்டிக்கும் பெட்டி வயரை மானிட்டருக்கும் மாற்றிப் போட்டாள். இப்போது பெட்டி உறுமியது, மானிட்டர் செத்துக் கிடந்தது.

"அப்ப வயர்லதான் கோளாறு" என்று சொல்லிக்கொண்டே அந்த வயரை இரு பக்கமும் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். துளைகளைப் பார்த்தாள். அடுத்து என்னைப் பார்த்தாள். நான் உத்தரத்தைப் பார்த்தேன். என்னால்தான் தையல்காரர் வரப்போகிறார் என்று பயந்தேன்.

அத்தை எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தலையிலிருந்த கொண்டை ஊசியால் எதையோ சுரண்டினாள், தட்டினாள், ஊதினாள். "ஒண்ணுமில்லண்ணே, வயர் கொஞ்சம் லூஸா இருந்துருக்கு. பாப்பா, நீ வந்து ஸ்விட்சைப் போடு."

போட்டேன். கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் ஓடின. மூன்று பேரும் முன்னால் குனிந்தார்கள். பெரியப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, அவர்களுக்குக் காபி சொல்ல உள்ளே போனார். நான் தப்பித்துவிட்டேன் என்று சந்தோஷமாக இருந்தது.

அடுத்த ஆயுத பூஜைக்குள் அந்த அறையில் இரண்டு கம்ப்யூட்டர்கள் வந்திருந்தன. "எல்லாத்துக்கும் நீயே வை" என்று அத்தை கிண்ணத்தை என்னிடமே தந்தாள். மேசையில் வயர்களைத்தான் காணவில்லை. அவற்றைச் சுருட்டி பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தாள். பூஜையன்று போய் வயரை யார் திருடப்போகிறார்கள் என்று, அத்தையின் பயத்தை நினைத்து எனக்கு ஒரே சிரிப்பு.