முள்ளுவாளைக்குத் திரும்பிய நாக்கு

குடித்த டீ இடது கடைவாய் வழியே சட்டையில் இறங்கியபோது, தம்ளர் ஓட்டை என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆட்டோவைக் கூப்பிட்டார். ஓட்டை என்னிடம்தான் இருந்தது.

பக்கவாதம் (மூளைக்குப் போகும் ரத்தம் அடைபட்டு உடலில் ஒரு பகுதி செயலிழப்பது). கைகாலை விட்டுவிட்டு நாக்கையும் தொண்டையையும் பிடித்திருந்தது. சாப்பாடு வழி தவறி நுரையீரலுக்குள் போய்விடும் என்று மூக்கு வழியே வயிற்றுக்குக் குழாய் விட்டார்கள்.

எனக்கு ஒரே கவலை, இனி முள்ளுவாளை தின்ன முடியுமா என்பது. சிரிக்காதீர்கள். பாதி உடம்பு முள்ளான மீன் அது. எங்கள் கடற்கரை வீடுகளில் கையால் முள் எடுப்பவன் மாப்பிள்ளையே ஆனாலும் வெளியூர்க்காரன்தான். ஊர்க்கதை பேசியபடியே நாக்கால் முள்ளை ஒதுக்கிக் கடைவாய் வழியே தள்ளிவிடுவோம். அதைப் பிறவிக் குணம் என்றே நினைத்திருந்தேன்.

அந்தத் திமிரில்தான், குழாயை எடுத்த கையோடு, கூழ் மட்டும் என்ற டாக்டர் பேச்சை மீறி, அடுப்படியில் ஒரு முள்ளுவாளைத் துண்டைத் திருடித் தின்றேன். முள் குத்தவில்லை. மீனே மூச்சுக்குழாயில் இறங்கிவிட்டது. நிமோனியாவோடு (நுரையீரல் அழற்சி) மறுபடி ஆஸ்பத்திரி. நீங்கள் இதைச் செய்யாதீர்கள்.

விழுங்கப் பயிற்சி தரும் பெண் கேட்டார், "முள்ளை எப்படிங்க பிரிப்பீங்க?"

யோசித்தேன். தெரியவில்லை. சின்ன வயதில் எத்தனை முறை முள் குத்தி அழுது, வெறுஞ்சோற்றை உருட்டி விழுங்கியிருப்பேன். அது மட்டும் மறந்துபோயிருந்தது.

நூலில் கட்டிய சட்டைப் பொத்தானை வாயில் போட்டு, நாக்கால் கன்னத்துக்குக் கன்னம் ஓட்டுவதுதான் பாடம். வீட்டில் நூல் நுனி என் மனைவி கையில்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து இந்த நாக்கை இழுத்துப் புடிக்க ஒரு கயிறு தேடிக்கிட்டிருந்தேன்," என்றாள். நூலைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

கூழ், குழைந்த சோறு, முள்ளில்லாத மீன் என்று மாதங்கள் போயின. டாக்டர் சரியென்ற பிறகு, போன ஞாயிறு முள்ளுவாளைக் குழம்பு. தலத்தெரு என்ற ஊரிலிருந்து மைத்துனனும் வந்திருந்தான்.

தாடையைத் தாழ்த்தினேன். முள்ளை வலப்பக்கம் ஒதுக்கினேன்.

"மச்சானுக்கு ஒண்ணுமே ஆவாத மாதிரியில்ல இருக்கு. சும்மா சாப்புடுறாரு. என்ன மச்சான்?"

"அவரு வேலையில இருக்காரு. பேச்சுக் குடுக்காதடா," என்றாள் மனைவி.

மூச்சை நிறுத்தி விழுங்கினேன். முன்பெல்லாம் தொண்டை என்று ஒன்று இருப்பதே தெரியாது. இப்போது ஒவ்வொரு கவளமும் என்னைக் கேட்டுக்கொண்டுதான் இறங்குகிறது.

முள்ளைத் தட்டோரம் வைத்துவிட்டுப் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவன் கை கழுவப் போயிருந்தான்.